லென்ஸைத் தேடும் கண்கள்: ‘தி ஆபீஸ்’ தொடரில் கேமராவும் சிரிப்பும்

1

நகைச்சுவை என்றாலே நம் விமர்சனத்துக்கு வசனம்தான். யார் எழுதியது, யார் சொன்னது, எந்த வரிக்குக் கைதட்டல் விழுந்தது என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. காட்சி ஊடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இலக்கியப் பிரதியை வாசிக்கிற பழக்கத்தில் வசனத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கேமரா என்பது ஏதோ ஜன்னல் மாதிரி, எதிரே நடப்பதை அப்படியே காட்டும், அதற்கென்று அபிப்பிராயம் எதுவும் கிடையாது என்கிற நினைப்பு நமக்குள் ஊறிப்போயிருக்கிறது.

நான் இங்கே சொல்ல வருவது வேறு. சில சிரிப்புகள் வசனத்தில் இல்லவே இல்லை. கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் முகத்துக்குப் போகிறது, போகவேண்டிய இடத்துக்கு ஏன் லேட்டாகப் போகிறது என்பதில்தான் அவை இருக்கின்றன. யாரைப் பார்த்து யார் சிரிப்பது என்கிற அதிகாரப் பிரச்சினையும் அதே இடத்தில்தான் தீர்மானமாகிறது. பாணி என்று நாம் ஒதுக்கிவைக்கிற விஷயத்துக்குள் அரசியல் உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது ‘தி ஆபீஸ்’ என்கிற பிரிட்டிஷ் தொடர். ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் இருவரும் எழுதி இயக்கியது. பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் 2001 ஜூலையில் தொடங்கியது. 2001, 2002 இரண்டு ஆண்டுகளில் ஆறு ஆறாகப் பன்னிரண்டு பகுதிகள், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு சிறப்புப் பகுதிகள், ஆக 14. இதன் அமெரிக்க வடிவம் என்பிசியில் 2005 மார்ச்சிலிருந்து 2013 மே வரை ஓடியது. அது 201 பகுதிகள். இந்த 14க்கும் 201க்கும் இடையில் நடந்தது என்ன என்பதும் இந்தக் கட்டுரையின் கேள்விகளில் ஒன்று.

“டிவி காமெடிக்கெல்லாம் இவ்வளவு சீரியஸாக் கட்டுரை எழுதணுமா?” என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் ஸ்லவ் என்கிற ஊரில் இருக்கும் ஒரு பேப்பர் கம்பெனியின் கிளை அலுவலகம்தான் கதைக்களம். முதல் பகுதியிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிடுகிறது: இரண்டு கிளைகளில் ஒன்றை மூடப்போகிறோம், ஆட்குறைப்பு உண்டு. பிறகு வருகிற அத்தனை சிரிப்பும் இந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது வருகிற சிரிப்பு. வேலை போய்விடுமோ என்கிற பயத்தை மையமாக வைத்து எழுதப்பட்ட பிரதியை வேலை, கூலி, சங்கம் பற்றிப் பேசுகிற நாம் வாசிக்காமல் விட்டால் வேறு யார் வாசிப்பது?

2

கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் இலக்கணத்தை நிலைநிறுத்தியது 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’. அதன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மன் மௌனப் படங்களின் பெரிய கலைஞன், ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் கேமரா பிடித்தவர். நிழலை வைத்து அத்தனை ஜாலம் காட்டிய மனிதரிடம் இங்கே கேட்கப்பட்டது நிழலே விழாத வெளிச்சம். காரணம் எளிது. ஸ்டுடியோவுக்குள் நேரடிப் பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடிகர்கள் நாடகம் போல ஒரே மூச்சில் நடிக்கிறார்கள். மூன்று ஃபிலிம் கேமராக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு தூரங்களிலிருந்து எடுக்கின்றன. எந்தக் கேமராவிலிருந்து பார்த்தாலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். அந்த வெளிச்சமும் அந்தச் செட்டும் அந்த மூன்று கேமராவும் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இவ்வகைத் தொடர்களின் பொதுச் சட்டமாகிவிட்டன.

இந்த அமைப்பில் கேமராவின் வேலை கீழ்ப்படிதல். ஜோக் நடிகரிடம் இருக்கிறது. கேமரா அதை இடையூறில்லாமல் எடுத்துக்கொண்டு வந்து நம்மிடம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஜோக் முடிந்ததும் நடிகர் ஒரு கணம் நிற்பார். அந்த இடைவெளியில் கூட்டத்தின் சிரிப்பு வந்து விழும். நேரடிக் கூட்டம் இல்லாத தொடர்களுக்கு 1950களிலேயே சிரிப்பைப் பெட்டியில் அடைத்துவைத்துத் தேவையான இடத்தில் திறந்துவிடும் ஏற்பாடும் வந்தாயிற்று. சார்ல்ஸ் டக்ளஸ் என்கிற ஒலிப் பொறியாளர் செய்த கருவி அது. எங்கே சிரிக்க வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும் என்பதை முகமில்லாத ஒரு கூட்டம் நமக்குச் சொல்லித்தரும்.

இது வெறும் தொழில்நுட்ப விஷயமில்லை என்பதற்கு ‘மாஷ்’ நல்ல சாட்சி. கொரியப் போர்க்கள மருத்துவமனை பற்றிய தொடர் (1972-1983). தொலைக்காட்சி நிறுவனம் பெட்டிச் சிரிப்பைக் கட்டாயமாக்கியது. உருவாக்கியவர்கள் போராடி ஒரு விதிவிலக்கைப் பெற்றார்கள்: அறுவைக் கூடக் காட்சிகளில் சிரிப்பொலி கூடாது. வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு டாக்டர்கள் பேசுகிற கேலிக்குப் பெட்டிச் சிரிப்பு சேர்ந்தால் அது மனித விரோதமாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டனில் பிபிசி அந்தத் தொடரைச் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பியது. ஒரே பிரதி, ஒரே வசனம். ஆனால் சிரிப்பொலி இருந்தால் ஒரு தொடர், இல்லாவிட்டால் இன்னொரு தொடர்.

ஹென்றி பெர்க்ஸோன் 1900இல் வெளிவந்த தன் சிரிப்பு பற்றிய நூலில் ஒரு விஷயம் சொல்கிறார். சிரிப்பதற்கு மனசு சிறிது நேரம் மரத்துப்போயிருக்க வேண்டும், இரக்கம் உள்ளே வந்தால் சிரிப்பு வெளியே போய்விடும் என்பது அதன் சாரம். பெட்டிச் சிரிப்பு என்பது அந்த மரப்பு ஊசிதான். பல்லைப் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்கப் போடுகிற ஊசி. ‘தி ஆபீஸ்’ செய்த காரியம் என்னவென்றால், பல்லைப் பிடுங்குவதை நிறுத்தாமல் ஊசியை மட்டும் நிறுத்திவிட்டது.

3

‘தி ஆபீஸ்’ தன்னை ஓர் ஆவணப்படமாக வேஷம் கட்டிக்கொள்கிறது. ஏதோ ஒரு படக்குழு இந்த அலுவலகத்தைப் படம் பிடிக்க வந்திருக்கிறது. ஊழியர்களுக்கு அது தெரியும். நாம் பார்ப்பது அவர்கள் எடுத்தது. 1990களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் டிரைவிங் ஸ்கூல், விமான நிலையம் என்று சாதாரண மனிதர்களின் வேலையிடங்களைத் தொடராகப் படம்பிடித்து அதில் சிலரை நட்சத்திரமாக்குகிற போக்கு பெருகிக் கிடந்தது. அந்தப் போக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதையே கேலி செய்கிறது இந்தப் பிரதி.

ஆவணப்பட வேஷம் கேமராவுக்கு ஒரு புதிய உடம்பைத் தருகிறது. கேமரா இப்போது கடவுள் இல்லை, ஓர் ஆள். அது தப்பான இடத்தில் நிற்கும். தாமதமாகத் திரும்பும். முதுகுகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். யாரோ உள்ளே அழுதால் கதவு வரைக்கும் போய் நின்றுவிடும். இந்த இலக்கணம் தானாக வந்ததில்லை. 1960 வாக்கில் தோளில் சுமக்கிற 16 மி.மீ. கேமராவும் கூடவே ஓடி ஒலி பதிகிற கருவியும் வந்தபோது, ‘பிரைமரி’ போன்ற படங்களை எடுத்தவர்கள் உருவாக்கிய கண் அது. அவர்களுக்கு ஸூம் என்பது அலங்காரம் இல்லை, அவசரம். முன்கூட்டி ஒத்திகை பார்க்க முடியாத நிகழ்வை நோக்கிப் பாய்கிற பாய்ச்சல். அதனால்தான் கொஞ்சம் தடுமாறுகிற ஸூமைப் பார்த்தால் நம் கண் ‘இது நிஜம்’ என்று நம்பிவிடுகிறது.

இப்போது இதை நகைச்சுவைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? மூன்று கேமரா அமைப்பில் ஜோக் நடக்கும் முன்னரே கேமரா அங்கே போய்த் தயாராக நிற்கிறது. இங்கே ஜோக் நடந்து முடிந்த பிறகுதான் கேமராவுக்கே விஷயம் தெரிகிறது. மேனேஜர் அபத்தமாக ஒன்றைச் சொல்கிறார். கேமரா அவர்மேல்தான் இருக்கிறது. ஒரு வினாடி கழித்து அது மெல்ல விலகி, அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு கணக்காளரின் முகத்துக்குப் போகிறது. அந்த முகத்தில் எதுவும் இல்லை. சிரிப்பு அங்கேதான் வெடிக்கிறது. சொன்னவரிடம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரிடம். சம்பளத்துக்காகக் கேட்கிற காது. அந்தக் காதைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்தக் கேமராவின் நகைச்சுவை.

இன்னொன்று, நேரம். பழைய தொடர்களில் சிரிப்பொலிக்காக விட்ட இடைவெளியை இவர்கள் அப்படியே வைத்துக்கொண்டு சிரிப்பொலியை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் வடிவத்தில் முகப்புப் பாடலைத் தாண்டிக் காட்சிகளுக்குப் பின்னணி இசையும் கிடையாது. ஆக, ஜோக்குக்குப் பின்னால் மேனேஜர் எதிர்பார்ப்போடு நிற்கிறார். யாரும் சிரிக்கவில்லை. போன் மணி எங்கோ அடிக்கிறது, ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. கேமரா நகர மறுக்கிறது. அந்த வெற்று வினாடிகள் இருக்கே, அவைதான் இந்தத் தொடரின் மிக நல்ல வசனம்.

நடுநடுவே சும்மா சில ஷாட்கள் வரும். ஜெராக்ஸ் மெஷின் பேப்பரைத் துப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் கம்ப்யூட்டரை வெறித்துக்கொண்டிருப்பார். ஒன்றும் நடக்காது. கதைக்கு இவை தேவையில்லை. ஆனால் இவற்றை வெட்டிவிட்டால் தொடரே செத்துப்போகும். வேலை என்பது பெரும்பாலும் ஒன்றும் நடக்காத நேரம், அந்த நேரத்தைத்தான் கம்பெனி விலைகொடுத்து வாங்கியிருக்கிறது என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் அந்த ஷாட்கள் சொல்கின்றன.

4

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கதாபாத்திரங்கள் கேமராவைப் பார்க்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இந்தத் தொடரில் லென்ஸை நோக்கி வருகிற பார்வைகள் இரண்டு வகை. அவற்றின் வேறுபாட்டில்தான் முழு அமைப்பும் நிற்கிறது.

ஒன்று, மேனேஜர் டேவிட் பிரெண்டின் பார்வை. ஜெர்வைஸே நடித்த பாத்திரம். பிரெண்ட் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் ஓரமாக ஓடிப்போய் லென்ஸைத் தொட்டுவிட்டு வரும். ‘பதிவாகிறதா? நான் நல்லவனாகத் தெரிகிறேனா? வேடிக்கையானவனாக, ஜனநாயகவாதியாக, நண்பனாகத் தெரிகிறேனா?’ இது அங்கீகாரம் கேட்கிற பார்வை. அவர் ஊழியர்களோடு பேசுவதே இல்லை. ஊழியர்களை மேடைப் பொருட்களாக வைத்துக்கொண்டு கேமராவோடு பேசுகிறார். முதல் பகுதியின் முடிவில் புதிதாக வந்த ஒரு தற்காலிக ஊழியனை அசத்துவதற்காக, ரிசப்ஷனிஸ்ட் டானைக் கூப்பிட்டு, நீ திருடிவிட்டாய், உன்னை வேலையைவிட்டு நீக்குகிறேன் என்று விளையாட்டுக்குச் சொல்கிறார். அவள் நம்பிவிடுகிறாள். அழுகிறாள். ஆட்குறைப்பு வதந்தி சுற்றிக்கொண்டிருக்கிற அலுவலகத்தில் அவளுக்கு அது விளையாட்டாகத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. மேனேஜருக்கு மட்டுமே ஜோக்காக இருக்கக்கூடிய ஒரு வாக்கியம் அது. அதிகாரத்தின் நகைச்சுவை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, விற்பனைப் பிரிவு ஊழியன் டிம்மின் பார்வை. மார்ட்டின் ஃபிரீமன் நடித்தது. பக்கத்து மேஜைக்காரன் கேரத் ஏதோ உளறுகிறான், அல்லது பிரெண்ட் ஜோக் அடிக்கிறார். டிம் திரும்பி லென்ஸைப் பார்க்கிறான். புருவம் அசைகிறதோ இல்லையோ தெரியாது. அவன் கேட்பது அங்கீகாரம் இல்லை, சாட்சி. ‘பாத்தீங்களா? நான் இதுக்குள்ளதான் இருக்கேன். ஆனா நான் இது இல்லை.’ இந்தப் பார்வை வந்து விழும்போது நாம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சிரிப்பொலி இல்லாத தொடரில் எங்கே சிரிக்க வேண்டும் என்பதை இப்போது டிம்மின் கண்தான் சொல்லித்தருகிறது. பெட்டிச் சிரிப்பைத் துரத்திவிட்டு அந்த நாற்காலியில் ஒரு முகத்தை உட்காரவைத்திருக்கிறார்கள்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு மெய்ப்பாட்டியல் ஞாபகம் வருகிறது. தொல்காப்பியர் நகைக்குச் சொல்லும் நான்கு நிலைக்களன்களில் எள்ளலும் ஒன்று. உரை மரபு அதை இரண்டாகப் பிரிக்கிறது: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது மற்றொன்று. டிம்மின் பார்வை இந்த இரண்டிலும் முழுசாக அடங்காது. அவன் எள்ளுகிறான், ஆனால் எள்ளப்படுகிறவனுக்குத் தெரியாமல். அவன் எள்ளப்பட்ட நிலையிலும் இருக்கிறான், ஏனென்றால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துபோக அவனால் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு ஆளை, எங்கோ வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவனை, அவன் கூட்டுச் சேர்க்கிறான். நகை என்கிற மெய்ப்பாட்டுக்குள் லென்ஸ் நுழைந்ததால் உண்டான புது நிலைக்களன் இது.

5

இந்தக் கூட்டு யாருக்கு லாபம் என்று கேட்டாக வேண்டும்.

பார்வையாளனை நேரே பார்க்கிற நடிகன் என்றதும் நம்மவர்கள் பிரெக்ட்டைக் கொண்டுவந்துவிடுவார்கள். ‘அந்நியமாதல் உத்தி’ என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார்கள். நான் இதை ஏற்கவில்லை. பிரெக்ட்டின் நடிகன் பார்வையாளனைப் பார்ப்பது அவன் மாயையை உடைக்க, இப்படி நடப்பது இயற்கை இல்லை, மாற்றலாம் என்று யோசிக்கவைக்க. டிம்மின் பார்வை மாயையை உடைப்பதில்லை. கேமராக்குழு கதைக்குள்ளேயே இருப்பதால் அது மாயையை இன்னும் கெட்டியாக்குகிறது. யோசி என்று அது சொல்வதில்லை. எனக்காகப் பரிதாபப்படு, நாம் இரண்டு பேரும் புத்திசாலிகள் என்று சொல்கிறது. மாற்ற முடியாத ஒன்றைத் தாங்கிக்கொள்வதற்கான பார்வை அது.

டிம் யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறான் என்பதையும் கவனியுங்கள். மேனேஜரைப் பார்த்து மட்டுமில்லை, கேரத்தைப் பார்த்தும்தான். கேரத் யார்? அவனும் அதே சம்பளக்காரன். பதவிப் பெயரில் ஒரு சொல் கூடினால் பெருமைப்படுகிறவன், பகுதிநேர ராணுவ சேவையைப் பற்றிச் சலிக்காமல் பேசுகிறவன். டிம் அவனுடைய ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைத்து வைக்கிறான். கேமரா டிம் பக்கம்தான். ஆட்குறைப்பு வரப்போகிற இடத்தில் ஒரு ஊழியன் இன்னொரு ஊழியனின் ஸ்டேப்ளரை ஒளித்துவைத்து அன்றைய தினத்தைக் கழிக்கிறான், நாமும் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம். பக்கத்து மேஜைக்காரனோடு சேர்வதற்கு இருந்த ஆற்றல் முழுவதும் லென்ஸுக்குள் போய்விடுகிறது. நடக்காமல் போன வேலைநிறுத்தத்தின் மிச்சம்தான் டிம்மின் அந்தப் பார்வை என்று எனக்குப் படுகிறது.

பிரிட்டிஷ் பிரதிக்கு இது தெரியும் என்பதுதான் அதன் பெருமை. அது டிம்மையும் விட்டுவைப்பதில்லை. வேலையை விட்டுவிட்டுத் திரும்பப் படிக்கப்போகிறேன் என்பவன் போவதே இல்லை. முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் பிரெண்ட் ஊழியர்களைக் கூட்டி, கெட்ட செய்தி உங்களில் சிலருக்கு வேலை போகிறது, நல்ல செய்தி எனக்குப் பதவி உயர்வு என்கிற பொருளில் அறிவிக்கிறார். இரண்டாவது செய்தி முதலாவதை ஈடுகட்டிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார். கேட்டு நிற்பவர்களின் முகங்களில் சந்தோஷத்தைத் தேடுகிறார். அங்கே நாம் சிரிக்கிறோம், சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இரண்டாம் பருவத்தில் அதே பிரெண்டையே வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். அந்தச் சமயம் அவர், நிதி திரட்டும் நாளுக்காக, தீக்கோழிமேல் சவாரி செய்வது போன்ற வேஷத்தில் இருக்கிறார். கேமரா அந்த வேஷத்தையும் முகத்தையும் சேர்த்தே காட்டுகிறது. அடுத்த பகுதியில், என்னை அனுப்பாதீர்கள் என்று அவர் கெஞ்சி அழும்போது கேரத்தும் பிரெண்டும் டிம்மும் ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு எல்லோரும் ஒரு எண்ணிக்கைதான்.

அமெரிக்க வடிவம் தொடக்கத்தில் இதே கசப்போடுதான் ஆரம்பித்தது. அதன் முதல் பகுதி பிரிட்டிஷ் முதல் பகுதியையே பெரும்பாலும் பின்தொடர்ந்தது. அங்கே ஒளிப்பதிவில் முக்கியப் பங்கு வகித்த ராண்டல் ஐன்ஹார்ன், ‘சர்வைவர்’ போன்ற நிஜ நிகழ்ச்சிகளில் கேமராவோடு ஓடியவர். ஜன்னல் திரைகளின் இடுக்கு வழியாக ஒளிந்து பார்க்கிற ஷாட்களை அந்தத் தொடர் ஒரு கலையாகவே வளர்த்தது. ஆனால் 201 பகுதிகளுக்குக் கசப்பைத் தொடர்ந்து பரிமாற முடியுமா? வாராவாரம் ஜனங்கள் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மேனேஜர் மைக்கேல் ஸ்காட் பிள்ளைமனசுக்காரர் ஆகிறார். டிம்மின் இடத்தில் இருக்கும் ஜிம்மின் பார்வையில் மூச்சுத்திணறல் போய்க் குறும்பு வருகிறது. கேமரா சாட்சியாக இருந்தது போய் நண்பனாகிறது. அலுவலகம் குடும்பமாகிறது. வேலையிடத்தைக் குடும்பம் என்று யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

இதே அமெரிக்க வடிவத்தில் 2006 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில் கிடங்குத் தொழிலாளர்கள் சங்கம் வைக்கலாமா என்று பேச ஆரம்பிக்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஜான் நேராகக் கீழே போய், சங்கம் என்ற வாடை அடித்தாலே கிளையை மூடிவிடுவோம் என்கிறார். பேச்சு முடிந்தது. அந்தப் பெண் அன்று வந்த காரணம், மேல்மாடிப் பெண் ஊழியர்களுக்கு வேலையில் முன்னேறுவது எப்படி என்று வகுப்பெடுக்க. மேல்மாடியில் பெண் முன்னேற்றம், கீழ்த்தளத்தில் சங்க ஒழிப்பு, இரண்டையும் செய்வது ஒரே வாய். பிரதி இதை நன்றாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் அலுவலகம் பழையபடி இயங்கும். கிடங்கு மறந்துபோகும். தொடர் என்கிற வடிவத்தின் மறதி அது.

6

ஒரு அடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அமெரிக்க வடிவத்தின் இரண்டாவது பகுதி, 2005. அலுவலகத்தில் இனப் பன்மை பற்றிய பயிற்சி. மைக்கேல் தானே வகுப்பெடுக்கிறேன் என்று கிளம்பி, எல்லோர் நெற்றியிலும் ஒரு இனத்தின் பெயரெழுதிய அட்டையை ஒட்டிவைத்து, அவரவர் அட்டைக்கேற்ப மற்றவர்கள் நடத்த வேண்டும் என்கிறார். இந்திய வம்சாவளி ஊழியை கெல்லி அறைக்குள் வருகிறாள். மைக்கேல் அவளுக்கு எதிரே இந்தியக் கடைக்காரரின் உச்சரிப்பைக் கொச்சையாகப் போலிசெய்து காட்டுகிறார். அவள் கன்னத்தில் அறைகிறாள்.

கெல்லியாக நடித்த மிண்டி கேலிங் அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரும்கூட. ஆரம்ப எழுத்தாளர் குழுவில் இருந்த ஒரே பெண். தந்தை சென்னைக்காரர், தமிழர். சொக்கலிங்கம் என்ற பெயரைத்தான் மேடைக்காக வெட்டி ‘கேலிங்’ ஆக்கிக்கொண்டார். அமெரிக்கர்களின் நாக்குக்குச் சௌகரியமாக முன்பாதியை விட்டுக்கொடுத்த ஒரு பெயர், அந்த நாக்கு இந்தியப் பேச்சைக் கேலிசெய்யும்போது திருப்பி அடிக்கிறது என்று வாசிக்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமைப்பட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வடிவம் சம்பந்தமான ஒன்றுக்காகச் சொல்கிறேன்.

அந்த அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் மைக்கேல் செய்வது அசிங்கம் என்று தெரியும். அவர்கள் நெளிகிறார்கள், பார்வையைத் திருப்புகிறார்கள். இந்தத் தொடரின் இலக்கணப்படி எதிர்ப்பு என்றால் ஒரு பார்வை, அவ்வளவுதான். கெல்லி அந்த இலக்கணத்துக்கு வெளியே போய்விடுகிறாள். அவள் செய்தது பார்வை இல்லை, அடி. லென்ஸுக்குள் போய்ச் சேர வேண்டிய கோபம் சேர வேண்டிய கன்னத்தில் போய்ச் சேர்கிறது. அறை வாங்கிய மைக்கேல் கண் கலங்க, சிறுபான்மையாக இருப்பது எப்படி என்று இப்போது அவளுக்குப் புரிந்திருக்கும் என்று சமாளிப்பதுதான் அந்தப் பகுதியின் உச்சமான நகைச்சுவை. ஏற்கெனவே அதில் வாழ்கிறவளுக்குப் பாடம் எடுத்ததாக நினைக்கிற தாராளவாதியை நாம் இங்கேயும் கூட்டங்களில் பார்த்ததுண்டு.

7

கடைசியாக, கேமராவைப் பிடித்திருக்கிற கையைப் பற்றி. 2003 சிறப்புப் பகுதிகளில் வேலையிழந்த பிரெண்ட் ஊர் ஊராகப் பொருள் விற்கிற பிரதிநிதியாகத் திரிகிறார். ஆவணப்படம் ஒளிபரப்பாகித் தான் முட்டாளாகக் காட்டப்பட்டதாகப் புலம்புகிறார். வெட்டி ஒட்டித் தன்னை அப்படி ஆக்கிவிட்டார்கள் என்கிறார். நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை. தனிப்பேட்டியில் ஒருவர் ‘நான் நல்ல முதலாளி’ என்கிறார்; உடனே வெட்டி, அவர் யாரையோ அவமானப்படுத்துகிற காட்சிக்குப் போகிறார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு ஷாட்டுக்கும் நடுவில் இருக்கிற வெட்டில் பிறந்தது. எடிட்டர்தான் இந்த அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரியாத மேனேஜர். அவரை யாரும் படம் பிடிப்பதில்லை.

அமெரிக்க வடிவம் தன் கடைசி ஆண்டில் இந்தத் திரையைக் கொஞ்சம் விலக்கியது. 2013 ஜனவரியில் வந்த ஒரு பகுதியில் பாம் அழும்போது, அதுவரை நம் கண்ணில் படாத மைக் பிடிக்கிற ஊழியர் பிரையன் படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லி அவளிடம் வருகிறார். அடுத்த வாரம் அவளைத் தாக்க வந்தவனை மைக் கம்பால் அடித்துத் தடுக்கிறார். அவருக்கு வேலை போய்விடுகிறது. ஒன்பது ஆண்டுகள் மற்றவர்களின் வேலைப் பயத்தைப் படம்பிடித்த குழுவில் ஒரு தொழிலாளி, பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கைநீட்டினார் என்பதற்காக வெளியே அனுப்பப்படுகிறார். கேமராவுக்குப் பின்னாலும் ஆட்குறைப்புதான்.

இதற்கெல்லாம் முன்பே, 2002இல், இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் டிம் ஒரு காரியம் செய்தான். தனிப்பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போகிறான். டானை ஓர் அறைக்குள் அழைத்துப் போகிறான். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறான். கேமரா கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. உதடுகள் அசைகின்றன, நமக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து, மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்று மட்டும் தெரிவிக்கிறான். பன்னிரண்டு பகுதிகளாகத் தன் துயரத்தைப் பார்வையாக மாற்றி நமக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன், முதல்முறையாக நம்மைக் கூட்டணியிலிருந்து வெளியே தள்ளுகிறான். அந்த மௌனத்தில் நான் முதலில் உணர்ந்தது கோபம்: எனக்கு ஏன் கேட்கவில்லை? பிறகுதான் அந்தக் கோபத்தின் உரிமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றியது.

இந்தப் பாணி இன்று எங்கும் பரவிவிட்டது. 2009இல் தொடங்கிய ‘மாடர்ன் ஃபேமிலி’யில் படக்குழு யார் என்ற விளக்கமே இல்லாமல் தனிப்பேட்டியும் லென்ஸ் பார்வையும் வெறும் வழக்கமாயின. 2019இல் ஃபரிதாபாத்தைக் களமாக வைத்து இந்தியிலும் ஒரு ‘தி ஆபீஸ்’ வந்தது. அலுவலகங்களில் மேலிருந்து பார்க்கிற கேமரா ஒருபக்கம், ஒவ்வொருவர் கையிலும் தன்னைத்தானே பார்க்கிற கேமரா இன்னொருபக்கம். பிரெண்டின் பார்வையும் டிம்மின் பார்வையும் இப்போது நம் எல்லாரிடமும் இருக்கின்றன. அநியாயத்தைப் பார்த்ததும் ஒரு புருவத்தூக்கலைப் பதிவுசெய்து போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளப் பழகிவிட்டோம்.

நகைச்சுவைக்கு எதிராக நான் பேசவில்லை. அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத இயக்கம் அதிகாரம் மாதிரியே பேச ஆரம்பித்துவிடும். என் கேள்வி சிரித்து முடித்த பிறகு முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது. லென்ஸ் பக்கமா, பக்கத்து மேஜை பக்கமா?